பல் கம்பியில் உராய்வு: குமரி மாவட்டத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் பல் சீரமைப்பு பார்க்கிறேன். மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல், குலசேகரம் என்று மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கம்பி போட வருகிறவர்கள் கொஞ்ச காலமாக ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "உராய்வே இல்லாத பிரேசஸ் இருக்காமே, அதைப் போட்டா சீக்கிரம் முடியுமாமே?" விளம்பரத்தில் பார்த்திருப்பார்கள், அல்லது யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சில் உண்மையும் இருக்கிறது, மிகைப்படுத்தலும் இருக்கிறது. கூடுதல் பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கம்பி போட்ட வாயில் எது எதோடு உராய்கிறது?

பல்லின்மேல் ஒட்டும் சிறு துண்டுக்குப் பிராக்கெட் என்று பெயர். அதன் நடுவில் ஸ்லாட் என்ற பள்ளம் இருக்கும். எல்லாப் பிராக்கெட்டின் ஸ்லாட்டிலும் ஒரே கம்பி வளைந்து போகும். கம்பி வெளியே வராமல் இருக்க ரப்பர் வளையமோ மெல்லிய கட்டுக்கம்பியோ போட்டுப் பிடித்து வைப்போம். பல் நகர வேண்டுமானால் பிராக்கெட் இந்தக் கம்பியின்மேல் வழுக்கிப் போக வேண்டும். ஸ்லாட்டின் தரையும் சுவரும் கம்பியோடு உரசும், கட்டும் ரப்பரும் உரசும்.

அளவைச் சொன்னால் எவ்வளவு நெருக்கம் என்று புரியும். இன்று பரவலாக இருக்கும் ஸ்லாட் 0.022 அங்குலம், அதாவது சுமார் 0.56 மில்லிமீட்டர் உயரம். 0.018 அங்குல ஸ்லாட்டும் உண்டு. பல் எடுத்த இடைவெளியை மூடும்போது பெரும்பாலும் போடும் செவ்வகக் கம்பியின் உயரம் 0.019 அங்குலம், சுமார் 0.48 மில்லிமீட்டர். மீதி இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

உராய்வு இருந்தால் என்ன நஷ்டம்?

கொடுக்கிற விசை முழுவதும் பல்லுக்குப் போய்ச் சேராது. ஒரு கோரைப்பல்லைச் சாய்க்காமல் நேராக நகர்த்த ஏறக்குறைய 70 முதல் 120 கிராம் வரை விசை போதும். ஆனால் கம்பியில் இருக்கும் தடையைத் தாண்ட அதே அளவுக்கு இன்னொரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பாடநூல்களில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. 100 கிராம் தேவை என்றால் 200 கிராம் இழுக்க வேண்டும்.

அந்தக் கூடுதல் இழுப்புக்கு யார் ஈடு கொடுப்பது? பின்னால் இருக்கும் கடைவாய்ப்பல். அதைப் பிடிமானமாக வைத்துத்தான் முன்பற்களை உள்ளே இழுக்கிறோம். பிடிமானத்தின் மேல் பாரம் கூடினால் அதுவே முன்னால் நகர்ந்துவிடும். முன்பல் துருத்தலைச் சரிசெய்ய நான்கு பல்லை எடுத்து உண்டாக்கிய இடத்தைக் கடைவாய்ப்பல் தின்றுவிட்டால், கம்பி போட்டதன் நோக்கமே பாதி போய்விடும். எனக்கு உராய்வைப் பற்றிய பெரிய கவலை இதுதான். மாதக் கணக்கு அதற்கு அப்புறம்தான் வருகிறது. துருத்தல் அதிகமாக இருக்கும் பிள்ளைகளுக்கு எலும்பில் சிறு திருகாணி வைத்து, அதிலிருந்து இழுப்பதும் இந்தப் பிடிமானத்தைக் காப்பாற்றத்தான்.

அப்படியானால் ஸ்லாட்டையும் கம்பியையும் வழுவழுப்பாகச் செய்துவிட்டால் போதாதா?

போதாது. விளம்பரங்கள் சொல்லாமல் விடுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பல் எலும்புக்குள் வேரோடு நிற்கிறது. நாம் இழுப்பதோ ஈறுக்கு வெளியே இருக்கும் பகுதியை. இழுத்தவுடன் பல்லின் தலை முதலில் சாயும், வேர் பின்தங்கும். பல் சாயும்போது பிராக்கெட்டும் சாயும். அப்போது ஸ்லாட்டின் எதிரெதிர் மூலைகள் கம்பியைக் கடித்துப் பிடிக்கும். பழைய மர மேசையின் இழுப்பறையை ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கோணிச் சிக்கிக்கொள்ளுமே, அதே கதை. பலகைக்கு மெழுகு போட்டாலும் கோணல் இருக்கும்வரை அது சிக்கத்தான் செய்யும். ஆங்கிலத்தில் பைண்டிங் என்பார்கள்.

அமெரிக்க ஆய்வாளர்கள் கூசியும் விட்லியும் 1990களின் இறுதியில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். கம்பிக்கும் ஸ்லாட்டுக்கும் இடையே ஒரு எல்லைக் கோணம் உண்டு. அதற்குள் இருக்கும்வரை சாதாரண உராய்வுதான் தடை. அதைத் தாண்டியதும் பைண்டிங் சேர்ந்துகொள்ளும், கோணம் கூடக் கூட மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். இன்னும் சாய்ந்தால் கம்பியில் வெட்டுக்காயம் போலப் பள்ளம் விழுந்து நகர்வு முற்றிலும் நின்றுவிடும். தடித்த செவ்வகக் கம்பி போட்டிருக்கும்போது இந்த எல்லைக் கோணம் ஓரிரு பாகைதான். வாயில் எந்தப் பல்லும் அதைத் தாண்டாமல் நகர்வதில்லை.

ஆகவே பல் சறுக்குமரத்தில் இறங்குவதுபோல நகர்வதில்லை. சாய்கிறது, சிக்குகிறது, கம்பியின் விறைப்பு வேரை மெல்ல நிமிர்த்துகிறது, பிடி விடுகிறது, மறுபடி சாய்கிறது. இடைவெளி மூடும் மாதங்களில் தினமும் இதுதான் நடக்கிறது.

அகலமான பிராக்கெட் போட்டால் தொடும் பரப்பு கூடி உராய்வும் கூடுமா?

கூடாது. உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல, ஒன்றை ஒன்று அழுத்தும் விசையைப் பொறுத்தது என்பது பிளஸ் ஒன் இயற்பியல் பாடம். அகலமான பிராக்கெட்டில் பல் சாய்வது குறையும், அது நல்லது. ஆனால் அடுத்தடுத்த பிராக்கெட்டுகளுக்கு இடைப்பட்ட கம்பியின் நீளம் குறைந்து கம்பி விறைப்பாகிவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் தயாரிப்பாளர்கள் அளவு வைத்திருக்கிறார்கள்.

மெட்டல், செராமிக் இரண்டில் எதில் உராய்வு குறைவு?

மெட்டலில். துருப்பிடிக்காத எஃகினால் செய்த பிராக்கெட்டில் அதே எஃகுக் கம்பி போட்டால் உராய்வு மிகக் குறைவு. செராமிக் பிராக்கெட் அலுமினா என்ற மிகக் கடினமான பொருள். பல்லின் நிறத்தோடு ஒட்டிப்போவதால் கல்யாணம் நெருங்கும் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் அதைக் கேட்கிறார்கள், தப்பில்லை. ஆனால் ஸ்லாட்டின் விளிம்பும் பரப்பும் கம்பியை உரசிக் கீறும். இதைச் சமாளிக்க ஸ்லாட்டுக்குள் உலோக உறை வைத்த செராமிக் பிராக்கெட்டுகள் வந்திருக்கின்றன. பல் எடுத்து இடைவெளி மூட வேண்டிய ஆளுக்குச் செராமிக் போடுவதானால் நான் அந்த வகையைத்தான் கேட்டு வாங்குவேன்.

செராமிக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அது பல்லின் எனாமலைவிடக் கடினம். கடிக்கும்போது மேல்பல் கீழ்ப் பிராக்கெட்டில் இடித்தால் மேல்பல்தான் தேயும். அதனால் ஆழமாகக் கடிக்கிறவர்களுக்குக் கீழே மெட்டல் போடச் சொல்வேன்.

செல்ஃப் லைகேட்டிங் என்றால் என்ன? அதில் நிஜமாகவே உராய்வு குறைவா?

ரப்பர் வளையத்துக்குப் பதிலாகப் பிராக்கெட்டிலேயே ஒரு சின்னக் கதவு இருக்கும். கம்பியை வைத்துக் கதவை மூடினால் முடிந்தது. புதிய கண்டுபிடிப்பு என்று விற்கிறார்கள். ஆனால் யோசனை பழையது, ஸ்டோல்சன்பெர்க் என்பவர் 1935-லேயே இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். 1980-ல் ஸ்பீட், 1990களில் டேமன் என்ற பிராண்டுகள் வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

இதில் இரண்டு வகை. கதவு கம்பியை அழுத்தாமல் வெறுமனே மூடி நிற்பது பாசிவ். தடித்த கம்பி போட்டதும் கதவே வில்போல அழுத்துவது ஆக்டிவ். மெல்லிய வட்டக் கம்பி போட்டிருக்கும் ஆரம்ப மாதங்களில், ஆய்வுக்கூட மேசையில் வைத்துப் பார்த்தால், பாசிவ் வகையில் உராய்வு உண்மையிலேயே மிகக் குறைவு. விளம்பரம் காட்டும் படம் அந்தச் சோதனையிலிருந்து வருவது. ஆனால் தடித்த கம்பிக்கு மாறி, பல்லும் சாய்ந்து பைண்டிங் வந்துவிட்டால், ரப்பர் போட்ட பிராக்கெட்டுக்கும் கதவு வைத்த பிராக்கெட்டுக்கும் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. கோணலைக் கதவு தடுக்காது.

பிறகு ஆறு மாதம் முன்னாலேயே முடியும் என்கிறார்களே?

நோயாளிகளிடம் நடத்திய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முறையான தொகுப்புகள் 2010-ல் வெளியாகின. மொத்தச் சிகிச்சைக் காலத்தில் நம்பத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. நாற்காலியில் உட்காரும் நேரம் சில நிமிடம் குறைகிறது, கீழ் முன்பற்கள் முன்னால் சாய்வது சுமார் ஒன்றரைப் பாகை குறைகிறது. உறுதியாகச் சொல்லக்கூடிய லாபம் அவ்வளவுதான். வலி குறையும், பல் எடுக்கவே வேண்டாம் என்ற வாக்குறுதிகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

காரணம் கேட்டால், வேகத்தை நிர்ணயிப்பது எலும்பு. பல் போகும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வழி விட வேண்டும், விட்டுப்போன பக்கத்தில் புது எலும்பு வைக்கும் செல்கள் வேலை செய்ய வேண்டும். இது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில்தான் நடக்கும். பல் எடுத்த இடம் ஏழு மில்லிமீட்டர் என்றால் மூட எத்தனை மாதம் ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

சரி, அப்படியானால் இறுக்கி டைட் பண்ணினால் வேகமாகப் போகாதா?

போகாது. அளவு மீறி அழுத்தினால் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் சவ்வில் ரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் சில வாரம் அசையாமல் கிடக்கும். வலி கூடும், வேர் நுனி கரையும் ஆபத்தும் கூடும். "இன்னும் டைட் பண்ணுங்க டாக்டர்" என்று பிள்ளைகள் கேட்பது எனக்குப் புரிகிறது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு முன்னால் கழற்றிவிட வேண்டும் என்ற ஆசை. ஆனாலும் செய்ய மாட்டேன்.

ரப்பர் வளையம் எந்த அளவுக்கு உராய்வைக் கூட்டும்?

புதிதாகப் போட்ட நாளில் அதிகம். வளையம் கம்பியை ஸ்லாட்டின் தரையோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். எட்டு போல முறுக்கிக் கட்டினால் இன்னும் அதிகம். எச்சிலில் ஊறி, இழுபட்டு, சில வாரத்தில் வளையம் தளர்ந்துவிடும். வேண்டுமென்றே சற்றுத் தளர்த்திக் கட்டிய எஃகுக் கட்டுக்கம்பியில் உராய்வு வளையத்தைவிடக் குறைவு. கட்டுவதற்குத்தான் நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் குலசேகரம் பக்கத்துப் பெரியவர்கள் இது நம் ஊர் ரப்பரா என்று ஆர்வமாகக் கேட்பார்கள். பிராக்கெட்டில் போடும் வளையமும், பற்களை இழுக்கப் போடும் வளையச் சங்கிலியான பவர் செயினும் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள். மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் குறுக்கே பிள்ளைகள் தாங்களே மாட்டிக்கொள்ளும் எலாஸ்டிக் பெரும்பாலும் மரத்துப் பாலில் இருந்து வரும் லேட்டக்ஸ்தான். லேட்டக்ஸ் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாற்று உண்டு.

வளையம் மஞ்சளாவது மீன் குழம்பின் மஞ்சளால். உராய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கம்பியிலும் வகை உண்டா?

உண்டு, பிராக்கெட்டுக்குச் சமமாக அதுவும் முக்கியம். உராய்வு குறைவிலிருந்து கூடுதலுக்கு வரிசைப்படுத்தினால் பொதுவாக எஃகு முதலில், நிக்கல் டைட்டானியம் நடுவில், பீட்டா டைட்டானியம் கடைசியில். நிக்கல் டைட்டானியத்தின் பரப்பு பார்க்கக் கரடுமுரடு, பீட்டா டைட்டானியம் அதைவிட வழுவழுப்பு. ஆனாலும் பீட்டா டைட்டானியத்தில் உராய்வு அதிகம், ஏனென்றால் அந்த உலோகம் பிராக்கெட்டின் எஃகோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. கண்ணுக்கு மென்மையாகத் தெரிவதை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கம்பி. கோணல்மாணலாக இருக்கும் ஆரம்பத்தில் 0.014 அங்குலம் போன்ற மெல்லிய நிக்கல் டைட்டானியம், வளைத்தாலும் தன் வடிவத்துக்குத் திரும்பும். வழுக்கி இடைவெளி மூட எஃகு. கடைசி நுட்ப வேலைக்குப் பீட்டா டைட்டானியம். பற்கள் வரிசைக்கு வந்து, தடித்த எஃகுக் கம்பி சில வாரம் அமைதியாக உட்கார்ந்த பிறகே இடைவெளியை மூடத் தொடங்குவேன். "ஏன் இன்னும் இழுக்கலை?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். அவசரப்பட்டால் கோணலோடு இழுத்து, பைண்டிங்கில் மாட்டிக்கொள்வோம்.

உராய்வே இல்லாமல் பல்லை நகர்த்த வழி இல்லையா?

இருக்கிறது. கம்பியிலேயே லூப் வளைத்து, அதை இழுத்துத் திறந்து கட்டினால், லூப் மூடும்போது கம்பியும் பல்லும் சேர்ந்தே வரும், வழுக்கல் கிடையாது. விசையையும் திருப்பத்தையும் கணக்கிட்டுக் கொடுக்கலாம், அமெரிக்காவின் பர்ஸ்டோன் இதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தார். ஆனால் லூப் வளைப்பதில் கைப்பழக்கம் வேண்டும், சின்னத் தவறும் பல்லைத் தவறான பக்கம் திருப்பிவிடும். சிலருக்குக் கன்னத்திலும் குத்தும். கடைவாய்ப்பல் கொஞ்சமும் முன்னால் வரக்கூடாது என்ற இடங்களில் இன்றும் எனக்கு இது பிடித்த வழி.

என் அம்மாவுக்கு 90களில் போட்ட கம்பி வேறு மாதிரி இருந்ததாம். அது என்ன?

அநேகமாக பெக் முறை. ஆஸ்திரேலியரான ரேமண்ட் பெக் 1950களில் பரப்பியது, இந்தியக் கல்லூரிகளில் நீண்ட காலம் பாடமாக இருந்தது. ஒடுங்கிய ஸ்லாட், மெல்லிய வட்டக் கம்பி, சிறு பின். பல்லை முதலில் தாராளமாகச் சாய விட்டு, அப்புறம் ஸ்பிரிங் வைத்து வேரை நிமிர்த்துவது. பல் சாயும்போது கம்பியைக் கடிக்க இடமே இல்லாததால் மிக லேசான விசை போதும். இன்று உராய்வு குறைவு என்று பேசப்படுவதன் பெரும்பகுதியை அந்தத் தலைமுறை கையால் செய்துகாட்டியது. அதற்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

அலைனர் போட்டால்?

அலைனர் என்பது பல்லின்மேல் மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் தட்டு. கம்பியும் ஸ்லாட்டும் இல்லை, ஆகவே இந்த வகை உராய்வும் இல்லை. தட்டு பல்லை இறுகப் பிடிப்பதில்தான் அதன் வேலை இருக்கிறது, அதற்காகவே பல்லில் பல் நிறப் பொட்டுகள் ஒட்டுகிறோம். தினமும் 22 மணி நேரம் போட வேண்டும். பல் எடுத்த பெரிய இடைவெளியை மூடும்போது வேர் பின்தங்கும் பிரச்சினை இங்கேயும் உண்டு. லேசான நெரிசலுக்கு நல்ல தேர்வு.

பல்லின் உள்பக்கம் போடும் லிங்குவல் கம்பி?

உள்வட்டம் சிறியது, பிராக்கெட்டுகள் நெருங்கி நிற்கும், கம்பி விறைப்பாக நடந்துகொள்ளும், சிக்கலும் கூடும். செய்ய முடியும். அதில் பயிற்சி உள்ளவரிடம் மட்டும் போங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவினால் கம்பி வழுக்குமா?

அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி, பாட்டிமார்களிடமிருந்து வரும். எச்சில் எப்போதும் அங்கே இருக்கிறது, சில உலோகங்களில் அது உராய்வைக் குறைக்கிறது, சிலவற்றில் கூட்டுகிறது என்று சோதனைகள் மாறி மாறிச் சொல்கின்றன. எண்ணெய் பைண்டிங்கை ஒன்றும் செய்யாது. கம்பி குத்தும் இடத்தில் நாங்கள் கொடுக்கும் மெழுகை உருட்டி வையுங்கள், அது கன்னத்துக்கு.

உராய்வைக் குறைக்க வீட்டில் செய்யக்கூடிய ஒன்று பல் துலக்குவது. வாரக்கணக்கில் வாயில் கிடக்கும் கம்பியில் அழுக்கும் காரையும் படிந்தால் உராய்வு கூடுவது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். பிராக்கெட்டுக்கு மேலும் கீழும், கம்பிக்கு அடியில் சின்ன இடைப்பல் பிரஷ்ஷும்.

சாப்பாட்டுக்கும் உராய்வுக்கும் என்ன தொடர்பு?

நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, முந்திரிக்கொத்து, கரும்பு எல்லாம் கம்பியை வளைக்கும், பிராக்கெட்டைப் பெயர்க்கும். வளைந்த கம்பி ஸ்லாட்டில் கோணி நிற்கும், அதுவே பைண்டிங். ஒரு பிராக்கெட் பெயர்ந்தால் அடுத்த வருகை முழுவதும் அதை ஒட்டவே போய்விடும், சிகிச்சை ஒரு மாதம் பின்னால் தள்ளும். வேகவைத்த மரச்சீனியும் முள் எடுத்த மீனும் தாராளமாகச் சாப்பிடலாம். மட்டிப் பழமும் சரி.

உராய்வு தேவைப்படும் இடம் ஏதாவது உண்டா?

நிறைய. திரும்பி நிற்கும் பல்லை நேராக்க, கம்பியைப் பிராக்கெட்டுக்குள் முழுவதும் அழுத்திப் பிடிக்க வேண்டும். வேரின் சாய்வைச் சரிசெய்யும்போதும் அப்படியே. மூடிய இடைவெளி மறுபடி திறக்காமல் இருக்கவும் இறுக்கிக் கட்டுகிறோம். எல்லாம் வழுக்கிக்கொண்டே இருந்தால் சிகிச்சையை முடிக்கவே முடியாது.

ஆழ்கடலுக்குப் போகிறவர், வெளிநாட்டில் வேலை செய்கிறவர் என்ன செய்வது?

கதவு வைத்த பிராக்கெட்டை நான் மனதாரப் பரிந்துரைக்கும் இடம் இது. தூத்தூர், வள்ளவிளை பக்கத்திலிருந்து படகேறினால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். ரப்பர் வளையம் அதற்குள் தளர்ந்துவிடும், பவர் செயின் விசை இழந்துவிடும். கதவு அப்படியே பிடித்திருக்கும். இழுப்புக்கு நிக்கல் டைட்டானியம் ஸ்பிரிங் வைத்தால் விசையும் பெரிதாக இறங்காது. எட்டு வார இடைவெளியைக்கூடச் சமாளிக்கலாம்.

வளைகுடாவிலிருந்து இரண்டு மாத லீவில் வருகிறவர் அதற்குள் முடித்துத் தரச் சொன்னால் முடியாது. முழுச் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம். அங்கேயே தொடங்குவது நல்லது.

பாதியில் ஊர் மாறினால்?

பிள்ளை கல்லூரிக்குச் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போனால், புது மருத்துவரிடம் காட்ட ஒரு குறிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லாட் 0.018-ஆ 0.022-ஆ, இப்போது வாயில் இருக்கும் கம்பி எந்த உலோகம், என்ன அளவு, எந்தப் பல்லை எதிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறோம், இவை அதில் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரேயும் மாடலும்கூடக் கேளுங்கள். ஸ்லாட் அளவு தெரியாமல் கம்பி மாற்றினால் ஒன்று தளர்ந்து ஆடும், அல்லது உள்ளே நுழையவே நுழையாது.